மணிக்கட்டுப் பட்டை

மூன்றாவது பட்டையும் வெற்றாகவே வந்தது.

“இந்தக் கண்றாவியை எழுதின புண்ணியவான் யாரு?” என்றார் தலைமைச் செவிலி.

“நான்தான் சிஸ்டர்” என்றாள் அவள், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிரசவ வார்டுக்கு அன்று காலைதான் புது அச்சுப்பொறி வந்திருந்தது. பழையதற்கு அவள் எழுதிக் கொடுத்திருந்த கட்டளைகள் இதன் தலையில் ஏறவில்லை.

கையில் பெயர்ப் பட்டை கட்டாமல் யாரையும் உள்ளே அனுப்ப முடியாது. பேனாவால் எழுதிக் கட்டுவதும் கூடாது. ஒரே பெயருள்ள இரண்டு பேரின் ரத்தப் பரிசோதனை ஒருமுறை மாறிப்போனதிலிருந்து தலைமைச் செவிலி அதில் படு கறார்.

கேபிள் வேறு லொடலொடத்தது. அதை அழுத்திப் பிடிக்க ஓர் ஆளை நிறுத்தியிருந்தாள். அவர் பாம்பின் கழுத்தைப் பிடித்தவர்போல் வியர்த்துக் கொட்டினார்.

“எத்தனை நிமிஷம்?” செவிலி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அஞ்சு.”

அச்சுப்பொறியோடு பேசுவது கஷ்டமில்லை. ஆனால் அது சட்டம் பேசுகிற ஆள். எங்கே தொடங்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிது, என்ன பெயர் என்று வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும். பெயர் முடிந்ததும், முடிந்தது என்று ஒரு குறி போட வேண்டும். இல்லாவிட்டால் வாயே திறக்காது.

அந்தக் குறிதான் விட்டுப்போயிருந்தது. போட்டாள்.

பெயர் வந்தது. பட்டைக்குக் குறுக்கே விழுந்து, மூன்று எழுத்தோடு அறுந்துபோய்.

செவிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்து, பல்லைக் கடித்துக் கண்ணை மூடினாள். கேபிள் பிடித்தவர் பதறிப்போய் ஓரடி முன்னே வந்தார்.

“நீங்க அதை விடாதீங்க!”

அவர் பின்வாங்கினார்.

“இப்ப எத்தனை?”

“நாலு.”

பெயரை நீளவாக்கில் திருப்ப, கட்டளையில் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். சேர்த்தாள். நீளமான பெயர்; எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினாள். தாய்க்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, ஆக இரண்டு பிரதி. கடைசியில் எல்லாவற்றையும் மூடும் குறி.

அச்சுப்பொறி கரகரவென்று முனகி இரண்டு பட்டைகளைத் துப்பியது. முழுப் பெயர், எண், தேதி. ஒரு புள்ளி பிசகவில்லை.

“மூணு” என்றாள் அவள், யாரும் கேட்காமலே.

செவிலி சக்கர நாற்காலியை இழுத்து வந்தார். மடிக்கணினியைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். முதல் பட்டையை எடுத்து அவள் மணிக்கட்டிலேயே சுற்றி ஒட்டினார். வலி இப்போது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது பட்டையை அவள் கணவர், கேபிளை எப்போதோ போட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

“நீ கட்டளை போட்டதெல்லாம் போதும்மா” என்றார் செவிலி, நாற்காலியைத் தள்ளியபடி. “இனிமே நான் சொல்றப்ப மூச்சை இழு, நான் சொல்றப்ப விடு.”