வாளியோடு துக்கம் விசாரித்தவர்கள்

ராதிம் தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் ஆழம் போதாதென்று மறுபடியும் மண்வெட்டியை ஓங்கினார். வாசற்படியில் அவர் மனைவி யார்மிலா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பக்கத்து வீட்டு போஷ்கா வேலி இடுக்கில் கண்ணை வைத்து ஐந்து நிமிடம் பொறுத்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "ஐயோ ராதிம், யாருக்கு என்ன ஆச்சு?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துது. காலைல பாத்தா போயிடுச்சு" என்றார் ராதிம். "அம்பது லிட்டர்."

போஷ்கா பாதி போட்ட சிலுவையைக் கையிலேயே நிறுத்திக்கொண்டாள். செத்தது பீர்.

மறுநாள் மகள் இலோனாவுக்குக் கல்யாணம். சம்பந்தி சாதாரண ஆளில்லை, பில்சன் நகரத்துப் பெரிய ஆலையொன்றில் முப்பது வருஷமாகப் பீர் காய்ச்சுகிறவர். அவர் வாயாலேயே ஒரு 'பலே' வாங்கிவிடுவது என்று ராதிம் சபதம் போட்டிருந்தார். கல்யாணப் பந்தலுக்குள் வெளிப் பீர் ஒரு சொட்டு வரக்கூடாதென்று உத்தரவு.

ராதிம் வீட்டிலேயே காய்ச்சும் பீரை எங்கள் ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. ஒன்பது வருஷமாக வாங்கிக்கொள்கிறோம், தலையாட்டுகிறோம், பாராட்டுகிறோம். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கிளாஸ் எப்படிக் காலியாகிறது என்பது ஜன்னலோரத்துப் பூந்தொட்டிகளுக்குத்தான் தெரியும். அதில் பல செடிகள் இப்போது உயிரோடு இல்லை.

"என்ன கோளாறாம்?" என்றாள் போஷ்கா.

"என் பீர்னா தொண்டைல ஒரு கடி கடிக்கும்ல? அது இல்ல. அது பாட்டுக்கு வழுக்கிட்டுப் போகுது. கெட்டேபோச்சு!"

"கெடல ராதிம். நல்லாத்தான் இருக்கு, கொட்டாதே" என்று யார்மிலா விசும்பினாள்.

"உனக்கு என்ன தெரியும்? அது காப்பி குடிச்சுப் பழகின நாக்கு."

சேதி பரவப் பத்து நிமிடம் ஆயிற்று. போஷ்கா வீட்டில் இல்லாத நாளாக இருந்தால் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

முதலில் வந்தவர் தீயணைப்புப் படைத் தலைவர் அலோயிஸ். பீரில் விரலைத் தொட்டு நக்கினார். பிறகு அரை கிளாஸ் பிடித்துக் குடித்துவிட்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஆமாம்யா, ரொம்ப மோசம். ஆனா மண்ணுல ஊத்தாதே, கிணத்துத் தண்ணி கெட்டுடும். எங்க வீட்ல பன்னித்தொடை ஊறப்போடணும். ரெண்டு வாளி குடு."

"எனக்குத் தலைக்கு" என்று போஷ்கா முந்தினாள். "பீர் ஊத்தி அலசினா முடி பளபளன்னு வரும்."

"அதுக்கு ஒரு கிளாஸ் போதுமே?"

"எனக்கு அடர்த்தி ஜாஸ்தி!" முக்காட்டுக்குள் இருக்கும் அந்த எட்டு முடிக்குப் பத்து லிட்டர் பால் கேன் நிறையப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து ஹினெக், ஓய்வுபெற்ற தபால்காரர். "தோட்டத்துல நத்தைத் தொல்லை தாங்கல ராதிம். கிண்ணத்துல பீர் ஊத்தி வெச்சா விழுந்து செத்துப்போகும். எனக்கும் ஒரு வாளி."

ஹினெக் குடியிருப்பது அடுக்கு வீட்டில், மூன்றாவது மாடி. தோட்டம் கிடையாது. பால்கனியில் ஒரு சைக்கிள் நிற்கிறது, அவ்வளவுதான். யாரும் அதைக் கிளறவில்லை. அவரவர் வாளி அவரவருக்கு.

ராதிமுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "கஷ்டம்னு வந்தா கை குடுக்க நம்ம ஊர் ஜனங்கள விட்டா யாரு இருக்கா யார்மிலா?" யார்மிலாவின் அழுகை கூடியது.

ஹினெக் இரண்டாம் நடைக்குப் பாடிக்கொண்டே வந்தார். நத்தைகள் அதற்குள் ஒரு வாளியைக் காலி செய்துவிட்டனவாம். பீப்பாயைக் கவிழ்த்து உதறி, கடைசிச் சொட்டையும் வாங்கிக்கொண்டு போனார். குழி காய்ந்தபடியே கிடந்தது.

பால் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய போஷ்காவுக்கு, மரியாதைக்காவது கேட்டுவைக்க வேண்டுமென்று தோன்றியது. "அது சரி, நாளைக்குக் கல்யாணத்துக்கு என்ன பண்ணுவே?"

ராதிம் மண்வெட்டியை ஊன்றிச் சிரித்தார். "என்னை என்ன முட்டாள்னு நெனச்சியா? ஈஸ்டருக்குக் காய்ச்சினதுல ஒரு பீப்பாய், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கேன். அசல் நம்ம கைப்பக்குவம்! ஒரு வாய் போட்டா காது வரைக்கும் கடிக்கும். சம்பந்திக்கு முதல் கிளாஸ் நானே ஊத்தறேன்."

சீட்டியடித்துக்கொண்டே நிலவறைக்கு இறங்கினார். யார்மிலா அப்படியே குழியோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதான் வேற பீப்பாய் இருக்குங்கறாரே! இன்னும் எதுக்குடி அழற?" என்றாள் போஷ்கா.

யார்மிலா நிலவறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் காய்ச்சினத நேத்தே சாக்கடைல கொட்டிட்டேன்க்கா. நீங்கள்லாம் அள்ளிட்டுப் போறது நான் மாத்தி ஊத்தி வெச்ச கடை பீர்."