தூர் வார வந்த நாள்

வாளியோடு உள்ளே நுழைந்தவர், அதை அப்படியே படகுத்துறை மேலாளரின் மேசை மேல் கவிழ்த்தார். கறுப்புச் சேறு கீபோர்டை மூடி, மேசை விளிம்பில் வழிந்து, அவள் மடியில் சொட்டியது.

“பாருங்க மேடம், நல்லாப் பாருங்க! நாலு வருஷமா என் படகு இதுலதான் நிக்குது. இது படகுத்துறையா, பன்னி புரளுற குட்டையா?”

“சார், இது ஆபீஸ்...”

“வாசல்ல அவ்வளவு பெரிய போர்டு மாட்டத் தெரியுதில்ல? தூர் வாரத் தெரியாதா?”

துறையில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் படகு இருந்த இடத்தை விட்டு நகர்ந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வைத்த பெயர். கிண்டலுக்கு வைத்ததை அவர் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

“இருந்த வீட்டை வித்து வாங்கின படகு மேடம். நானும் இவளும் அதுலதான் குடியிருக்கோம். வேற கூரை கிடையாது எங்களுக்கு. இந்நேரம் உலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டு வந்திருப்பேன். உங்க சேறு என் காலைக் கட்டிப் போட்டிருக்கு!”

கதவோரம் நின்ற அவர் மனைவி, “போதுங்க, வாங்க போகலாம்” என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையை உதறினார். அந்த அம்மாளுக்கு எப்போதும் இதே வேலை, பாவம்.

சத்தம் கேட்டுப் பக்கத்துப் படகுக்காரன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். “மேடம், அது என் இடத்துல அள்ளின சேறு! அப்படியே இவர் படகுல ஓடுற பம்பையும் நிறுத்தச் சொல்லுங்க. ராப்பகலா தண்ணியைக் கக்கிக்கிட்டே இருக்கு. மனுஷன் கண்ணை மூட முடியல.”

“எஞ்சினைத் தயாரா வெச்சிருக்கேன்டா! தூர் வாரின மறு நிமிஷம் நான் நடுக்கடல்ல இருப்பேன். நீ கரையில உட்கார்ந்து வாயைப் பொளந்துக்கிட்டுப் பாரு!”

மேலாளருக்கும் கோபம் தலைக்கேறியது. ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது, அலை மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது, அவள் என்ன செய்வாள்? தலைமை அலுவலகத்தைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அங்கே போனால் திட்டு, இங்கே வந்தால் சேறு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

“வாரறேன் சார். உங்க இடத்தைத்தான் முதல்ல வாரறேன். எழுதி வெச்சுக்குங்க.”

“எத்தனை பேர் சொல்லிட்டுப் போயாச்சு!” என்று அலட்சியமாகச் சிரித்துவிட்டு, வாளியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனார்.

அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. மடியில் சேறு காயும் முன்பே தலைமை அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். அதிகாரி கத்தினார், அவளும் கத்தினாள். கல்லில் நார் உரிப்பது போல அனுமதி வாங்கினாள். அதுவும் பாதித் துறைக்குத்தான் கிடைத்தது. கேப்டனின் இடம்தான் முதலில் என்றதும் மற்ற படகுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

“கத்துறவருக்குத்தான் முதல் மரியாதையா மேடம்?”

“ஆமா. இனிமே அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது” என்று பல்லைக் கடித்தாள்.

தூர்வாரும் மிதவை வந்து சேர்ந்தது. உறிஞ்சுகுழாயைத் தூக்கிக்கொண்டு நேராகக் கேப்டனின் படகுக்குப் பக்கத்தில் போய் நின்றது. தளத்தில் நின்ற கேப்டனின் முகத்தில் ஈயாடவில்லை.

“பெரியவரே, சுத்தி இருக்கிற சேத்தை உறிஞ்சிட்டா படகு தானா மிதந்துடும். கயிறு கட்டி அந்தப் பக்கம் இழுத்துட்டு மீதியை வாரிடறோம்” என்றான் மிதவை ஓட்டுபவன்.

“தொடாதே!” இரண்டு கையையும் விரித்துக்கொண்டு விளிம்பில் வந்து நின்றார் கேப்டன். “போய் மத்தவங்க இடத்தைப் பாரு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

கரையில் நின்ற மேலாளருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. “என்ன சார், விளையாடறீங்களா? உங்களால இந்தத் துறையையே பகைச்சுக்கிட்டு நிக்கறேன். தூர் வாரு, தூர் வாருன்னு இத்தனை நாள் என் உயிரை வாங்கினது யாரு?”

“நான்தான். இல்லைன்னு சொல்லல.” அவர் குரல் முதல் முறையாக இறங்கி வந்தது. “நீங்க வார மாட்டீங்கன்னு நம்பித்தான் கத்தினேன்.”

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுபடியும் தன்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தாள்.

“இவர் பேச்சைக் கேட்டா விடிஞ்ச மாதிரிதான். நீங்க குழாயை இறக்குங்க!”

மோட்டார் உறுமியது. குழாய் தண்ணீரைத் தொடும் முன், படகுக்குள்ளிருந்து அவர் மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தாள். “நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!”

மோட்டார் அடங்கியதும் அவள் முதலில் பாய்ந்தது கணவன் மேல்தான். “இன்னும் என்னங்க வீராப்பு? உள்ளதைச் சொல்லித் தொலைங்களேன்!”

கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அதே கோபத்தோடு மேலாளரைப் பார்த்தாள்.

“அடிப்பலகை உளுத்து ரொம்ப நாளாச்சும்மா. சேத்தை எடுத்தா முழுகிடுவோம்.”