பின்னால் கேட்கும் சத்தம்

டார்ச் வெளிச்சம் சுவரில் நடுங்கியது.

சுரங்கப்பாதையில் முழங்கால் வரைக்கும் தண்ணீர். இருட்டுக்குள் எதுவோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அங்கே திரியும் பேய்களுக்குக் கண் கிடையாது. சத்தம் கேட்டால் வரும்.

“மெதுவா வா. நான் உன் பின்னாடியேதான் இருக்கேன்” என்றான் அண்ணன் ஹெட்போனில்.

அவன் மெல்போர்னில் இருந்தான். அவள் உறையூர் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு முன்னால் பாயில், மைக் வைத்த ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில்.

முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் கட்டில்.

கட்டிலில் அம்மா. தூங்கிக்கொண்டிருந்தாள்.

கேம் பெட்டியை வாங்கி அனுப்பியது அண்ணன் செழியன்தான். “நீயும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்குற. வாராவாரம் சேர்ந்து ஆடலாம். பேசுன மாதிரியும் இருக்கும்” என்றான்.

அவளுக்குப் பேய் கேம் பிடிக்காது. முதல் வாரம் கத்திக்கொண்டு கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “பயப்படாத, நான் இருக்கேன்ல” என்றான்.

போனில் கூப்பிட்டால் அவன் எடுப்பதில்லை. இதற்குள் வந்தால்தான் கிடைத்தான். அதனால் ஆடினாள்.

அம்மா பேச்சை எடுத்தால், “இந்த லெவல முடிச்சிட்டுப் பேசலாம்” என்பான். லெவல் முடிவதற்குள் அங்கே அவனுக்குத் தூக்கம் வந்துவிடும்.

மாசியில் அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்துபோனது. வாய் கோணிக்கொண்டது. லீவு கிடைக்கவில்லை என்றான். ஒருமுறை வீடியோவில் அம்மாவைக் காட்டப் போனாள். “வேணாம் கோதை. அம்மாவ அப்பிடிப் பாக்க என்னால முடியாது” என்று அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

இன்று கேமுக்குள் வந்ததும் வராததுமாகச் சொன்னான்.

“ரெண்டு நாள் லீவு போட்டிருக்கேன். இந்த வாட்டி முழுசா முடிச்சிடுறோம்.”

அவள் துப்பாக்கியில் தோட்டாக்களை நிரப்பினாள்.

தண்ணீர் அசைந்தது. ஒரு கை மேலே வந்தது. சுட்டாள். அமிழ்ந்தது.

அந்த வெடிச்சத்தம் ஹெட்போனுக்குள்தான் இருந்தது. ஆனாலும் அம்மா விழித்துக்கொண்டாள்.

“ஓஓ...”

புரளாத அந்த நாக்கில் கோதை என்ற பெயர் இவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. அடித்தொண்டையிலிருந்து இழுத்துக்கொண்டு வரும் ஓர் ஓ. தாகம் எடுத்தாலும் அதுதான். படுக்கை நனைந்தாலும் அதுதான். எந்த ஓ எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

ஹெட்போனில் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

“கோதை. கேட்டுச்சா?”

“என்ன?”

“ஏதோ ஒண்ணு. உன் பின்னாடிதான். ரொம்பக் கிட்ட.”

“ஓஓ...”

“ஐயோ, இது வேற மாதிரி கத்துதுடி. பெரிசு. திரும்பிச் சுடு!”

கேலி செய்கிறான் என்று நினைத்தாள். இல்லை. அவன் குரல் உண்மையாகவே பயந்திருந்தது.

பின்னாடியே இருப்பதாகச் சொன்னவனின் ஆள், திரையில் அவளைத் தாண்டி ஓடி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அவனுக்கே தெரியட்டும். இன்னும் ஒரு தடவை கேட்டால் தெரிந்துவிடும்.

அம்மா இன்னும் ஒரு தடவை கூப்பிட்டாள்.

“சுடு அத!”

அவள் ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள்.

சுரங்கத்தின் இரைச்சலும் அண்ணனின் குரலும் டிவியிலிருந்து கூடம் முழுக்கக் கொட்டின. கன்ட்ரோலரிலேயே இன்னொரு மைக் இருந்தது. அது கேட்டுக்கொண்டிருந்தது.

“கோதை, நிக்காத! ஓடியா!”

அம்மாவின் தலை தலையணையை விட்டு மேலே எழுந்தது.

“எயியா?”

அந்த இரைச்சலில் அம்மாவுக்கு வார்த்தைகள் பிடிபட்டிருக்காது. குரல் பிடிபட்டுவிட்டது.

“ஆமாம்மா. செழியன்தான்.”

கோணாத பக்கத்து உதடு சிரித்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது.

“எயியா... எயியா...”

“திரும்பவும் கத்துது பாரு! கொல்லுடி அத!”

மகன் பேசுவது காதில் விழவேண்டுமே என்று அம்மா வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் சுரங்கத்தில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

“அப்பாடா” என்றான் அவன். “செத்துருச்சு.”

சிரித்தான். பயம் தெளிந்த சிரிப்பு. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அதே சிரிப்புதான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை அதைக் கேட்டாள்.

பிறகு இடது கையை லேசாகத் தூக்கி அசைத்தாள். என்ன சொல்றான்?

கோதை கட்டில் பக்கம் நகர்ந்து, துண்டால் அம்மாவின் வாயோரத்தைத் துடைத்தாள்.

“உன்னப் பத்தித்தாம்மா பேசுறான்.”

அம்மா ஏதோ சொல்ல முயன்றாள். மூச்சைச் சேர்த்துச் சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாக வெளியே தள்ளினாள். வேறு யாருக்கும் அது வெறும் காற்று. கோதைக்குப் புரிந்தது. நல்லா இருக்கேன்னு சொல்லு.

அவள் கன்ட்ரோலரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“நல்லா இருக்காங்களாம்ணா.”

“யாரு?” என்றான் அவன்.