எட்டுப் பட்டி

"இன்னும் துணி பத்தலீங்கப்பா," என்றாள் யாழினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின்னால் நின்ற தரணீதரன் கட்டிங் ஹாலை எட்டிப் பார்த்தார். அருள்புரத்தில் அவருடைய பனியன் கம்பெனியில் அன்று கட்டிங் மேஜை காலையிலிருந்து காலியாகக் கிடந்தது. சாயப்பட்டறையிலிருந்து வந்த துணி குறைவு. மறுபடி சாயம் ஏற்றினால் நிறம் ஒன்றுபோல வராது. வந்தாலும் கப்பல் காத்திருக்காது. இருக்கிற துணிக்குள் அத்தனை டீ-சர்ட்டையும் வெட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் போச்சு, இத்தனை வருஷமாக அவரையே நம்பி வந்த ஜெர்மனிக்காரனும் போச்சு.

கை, கழுத்து, முன்பக்கம், முதுகு என்று துண்டுகளைத் துணிமேல் எப்படி நெருக்கி அடுக்குவது என்று போடுகிற படத்துக்கு மார்க்கர் என்று பெயர். அதைப் போடத்தான் மகள் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். ஆபீஸில் இருந்த எட்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் அதையே ஓட்டிக்கொண்டிருந்தன. பில் போட ஒன்றைக் கேட்டு வந்த அக்கவுன்டன்ட் சித்ரகலா திட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாளாக அப்பனுக்கும் மகளுக்கும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. எதற்கு என்று கேட்கக் கம்பெனியில் யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆனால் இன்றைக்கு வீம்பு பார்த்தால் ஆகுமா? நாற்காலியை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது என்னதான் பண்ணுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு கண்ணு."

அவளும் பொறுமையாகத்தான் சொன்னாள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு கூட்டம் மார்க்கர்கள் இருக்கின்றன. அவற்றில் நல்லதாக இரண்டை எடுத்து ஜோடி சேர்த்தால் குட்டி பிறக்கும். குட்டியில் அங்கங்கே சின்ன மாற்றம் செய்து பார்க்கும். துணியை மிச்சம் பிடிக்கிற குட்டி பிழைத்துக்கொள்ளும், மற்றவை போய்விடும். எவ்வளவு மாற்றுவது, எத்தனை குட்டி போடுவது என்பதைக்கூட யாரும் சொல்ல வேண்டியதில்லை. போகப் போக அதுவே தனக்குத் தோதாகத் திருத்திக்கொள்ளும்.

தரணீதரன் பட்டி நிறைய ஆடும் காங்கேயம் மாடும் வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர். குட்டி என்றதும் அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. கடைசியாகப் பிறந்ததையெல்லாம் காட்டச் சொன்னார். ஒரு கம்ப்யூட்டரில் இருந்தவை எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருந்தன. அடுத்த கம்ப்யூட்டரிலும் அதே கதைதான்.

"இதுல பொறந்தது அதுக்குப் போறதே இல்லியா?"

"இல்லீங்கப்பா. அததுக்கு அதது ஊட்டுக்குள்ளயேதான்."

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "படிச்ச புள்ள பண்ற காரியமா இது? ஒரே பட்டிக்குள்ளயே சேத்து வெச்சுக்கிட்டு இருந்தா வம்சம் எப்படித் தேறும்? வெளிய இருந்து ஒண்ணக் கொண்டாந்து உடு சாமி. நம்முளுதுதான் ஒசத்தின்னு கதவச் சாத்திக்கிட்டா, அப்படியே நின்னு போயிரும்."

அவர் போட்ட சத்தத்தில் கட்டிங் ஹாலே திரும்பிப் பார்த்தது. கட்டிங் மாஸ்டர் நல்லான் அங்கிருந்தபடியே, முதலாளி சொல்றது நியாயந்தானுங்க என்று தலையாட்டினார்.

யாழினி கீபோர்டில் எதையோ தட்டினாள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருந்த நல்ல மார்க்கர்கள் அடுத்ததற்குக் குடிபோயின. டீ வந்தது. தரணீதரன் அதைத் தொடவில்லை. ஒன்று கைத் துண்டை அடுக்கியிருந்த விதமும் இன்னொன்று முதுகை அடுக்கியிருந்த விதமும் சேர்ந்து ஒரு புதுக் குட்டி பிறந்தது. காலையிலிருந்து ஒரே இடத்தில் நின்றுபோயிருந்த துணிக் கணக்கு மெல்ல இறங்க ஆரம்பித்தது.

"போதுங்கப்பா. இப்பத் துணி மிஞ்சுதுங்க."

முருகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார் தரணீதரன். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ஒரே மூச்சில் இறங்கியது. துணியை விரிக்கச் சொல்லி நல்லானுக்குச் சைகை காட்டினார். கப்பல் ஏஜெண்டுக்குப் போன் போட்டு, சரக்கு சொன்ன நாளில் வரும் என்றதோடு நிற்காமல், யோசனை தன்னுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னார். வெகுநாள் கழித்து மகளின் தலையைத் தடவினார்.

"இத முன்னாலயே பண்ணியிருந்தா என்ன கண்ணு? உசுரே போயிட்டு வந்துருச்சு."

"நீங்க சொல்லாட்டியும் அதுவே பண்ணியிருக்குமுங்கப்பா," என்றாள் யாழினி. "மத்ததையெல்லாம் அது இஷ்டத்துக்கு உட்டுட்டு, அந்த ஒரு கதவ மட்டும் காலையில நான்தான் பூட்டி வெச்சேன்."

"எதுக்கு?"

"பத்துப் பேரு கேக்க, உங்க வாயாலயே தொறக்கச் சொல்லோணுமுன்னுதானுங்க. நான் கட்டிக்கறேன்னு கேட்டப்ப, தூத்துக்குடிக்காரரு, நம்மாளுக இல்லேன்னு நீங்க வேண்டாமுன்னு சொன்ன மாரிச்செல்வம் கேட்டுக்கு வெளிய நிக்கறாருங்கப்பா."

தரணீதரன் மகளைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார், ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார்.

"வெய்யில்ல எதுக்கு நிக்கறாரு? உள்ள வரச் சொல்லு."