நான்கு மணி நேரத் தூரம்

“அண்ணா, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. டாக்டர் கைவிரிச்சிட்டார். உன்னையேதான் கேக்கிறார். உடனே கிளம்பி வா!” போனில் தங்கை அழுதாள்.

“அடுத்த பிளைட்லயே ஏறிடறேன். மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம்தான். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லும்மா.”

“ஏறிட்டா உன் போன் வேலை செய்யாதே?”

“நீ பேசி அனுப்பிக்கிட்டே இரு. இறங்கினதும் கேக்கறேன்.”

அவன் பெட்டியில் நாலு சட்டைகளை அடுக்கினான். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

தங்கை விடாமல் பேசி அனுப்பினாள்.

“அண்ணா, அப்பா பின்பக்கச் சன்னலையே பார்த்துக்கிட்டு இருக்கார். வாசல் அந்தப் பக்கம்ப்பான்னா கேக்க மாட்டேங்கிறார்.”

மூன்று மணி நேரம் கழித்து வந்த குரல் உடைந்திருந்தது.

“அப்பா போயிட்டார் அண்ணா. கடைசி நேரத்துல என்னென்னமோ பிதற்றினார். ‘சாரல் அடிக்குது, அவனைச் சன்னலைச் சாத்திக்கச் சொல்லு, நனையறான்’னார். பிளைட்டுல வர்றவன் எப்படிப்பா நனைவான்னேன். சிரிச்சார். அப்படியே கண்ணை மூடிட்டார்.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சட்டை முழுக்கச் சாரல்.

வேலை போனதைச் சொல்ல வாய் வராமல் ஊர் திரும்பி, அப்பாவின் கட்டிலாவது கண்ணில் படட்டும் என்று பின்தெருவில் இந்த மாடியறையைப் பிடித்து ஆறு மாதமாகிறது. இப்போது போய் நின்றால், அதற்குள் எப்படி வந்தாய் என்று கேட்பார்கள்.

சன்னலைச் சாத்தப் போனான். எதிர்ச் சன்னலிலிருந்து தங்கையின் அழுகை போன் இல்லாமலே கேட்டது.

அவனுடைய விமானம் தரையிறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.