பல்பும் கடைசிப் படமும்

கேமராவுக்குள் இருந்த சிலைடு பிலிமில் இன்னும் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் இருந்தது. ஜன்னல் இல்லாத அறையில், எரிகிற குண்டு பல்புக்குக் கீழே, தவமணி தன் ஒரு மாசக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். கப்பலில் வேலை பார்க்கும் குழந்தையின் அப்பா அந்தப் படத்தில்தான் பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கப்போகிறார்.

"பல்பு அண்ணே, கொஞ்சம் அணைஞ்சுக்கோங்க," என்று பிலிம் கெஞ்சியது.

"ஏன், என் வெளிச்சம் உனக்குப் பத்தலையா? இந்த அறைக்கே நான்தான் சூரியன்," என்றது பல்பு.

"நான் பகல் வெளிச்சத்துக்குன்னு செஞ்ச பிலிம் அண்ணே. உங்களுக்குக் கீழே எல்லாமே மஞ்சளாத்தான் பதியும். கழுவும்போது திருத்தவும் முடியாது. பிள்ளைக்கு மஞ்சக்காமாலைன்னு நினைச்சு அந்த மனுசன் நடுக்கடல்ல சோறு இறங்காம கிடப்பாரு."

"அழப்போறான் மாமா, சீக்கிரம் எடுங்க," என்றாள் தவமணி. கேமரா பிடித்திருந்த மாமாவின் விரல் பொத்தான் மேல் போனது.

பல்பு ஒரு தரம் குழந்தையின் முகத்தைப் பார்த்தது. பிறகு தன் கம்பியைத் தானே அறுத்துக்கொண்டது.

"சனியன் பிடிச்ச பல்பு, இப்பவா பியூஸ் போகணும்!" என்று திட்டிக்கொண்டே மாமா அவர்களை வெயில் அடிக்கும் வாசலுக்குக் கூட்டிப்போனார்.

வெளியே கேமரா சொடுக்கிய சத்தம், இருட்டில் தொங்கிய பல்புக்குக் கேட்டது.