இடது காலில் தழும்பு

"ஆடாம உக்காரு கண்ணு. ஆஸ்பத்திரியில ஆறு மாசம் ஆகுறதை நான் அரை மணியில முடிக்கிறேன்," என்றாள் ஒப்பனைக்கார அக்கா.

ஓட்டக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இடது முழங்காலில், என்றைக்குமே படாத அடிக்கு ஒரு தழும்பு உருவாகிக்கொண்டிருந்தது.

அக்கா தூரிகையால் தடவிய திரவம் காயக் காயச் சுருங்கும். சுருங்கும்போது தோலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். ஒரு முறை பூசினால் வெறும் கீறல். காயவிட்டு மேலும் மேலும் பூசினால், கத்தி வைத்து ஆறிய பள்ளம். நடுவில் வெளிறிய சிவப்பு, ஓரத்தில் பழுப்பு, இருபுறமும் தையல் புள்ளிகள். பெற்றவளே பார்த்தாலும் பதறிப்போவாள்.

விளம்பரம் காலணிக்கு. கால் உடைந்த பெண் மீண்டு வந்து தடையைத் தாண்டுகிறாள்.

உண்மையில் கெட்டிருந்தது வலது முழங்கால். கொஞ்ச நாளாக உள்ளே ஏதோ நழுவுகிறது. ஆனால் நிஜ வலி படத்தில் எடுபடாது. பார்க்க லேசான வீக்கம், அவ்வளவுதான். அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தாள். வெளியே தெரிந்தால் ஒப்பந்தம் போச்சு, அணியில் இடமும் போச்சு.

அக்கா கை துடைக்க அந்தத் துண்டையே உருவினாள்.



அக்காவின் விரல் வீக்கத்தின் மேல் வந்து நின்றது. மெல்ல அழுத்தியது.

"யாருக்கும் தெரியாதுக்கா... சொல்லிடாதீங்க."

அக்கா தோலைவிடச் சற்றே கருத்த பூச்சை எடுத்து வீக்கத்தின் மேட்டில் தடவினாள். வெளிச்சம் விழுகிற மேட்டைக் கருக்கினால் கேமராவுக்கு அது தட்டையாகத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீக்கம் அடங்கிவிட்டது.

வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் ஓட்டக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்? போன வருஷ விளம்பரத்துல ஓடுன பொண்ணுக்கும் நான்தானே இப்படி மறைச்சுவிட்டேன்," என்று அக்கா டப்பாவை மூடினாள்.

வெளியே அவள் தாண்டவேண்டிய தடையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இயக்குநர் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார்.

அவளால் நாற்காலியின் கைப்பிடியை விட முடியவில்லை.

போன வருஷப் பெண்ணை அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் ஊன்றுகோலோடு அணியைவிட்டுப் போன பிறகுதான் இவளுக்கு அங்கே இடம் கிடைத்தது.